எண்ணூர் முகத்துவாரத்தில் ஏழு சிலிண்டர்

மலேசியாவின் ஈப்போவிலிருந்து சென்னைக்கு வரும் எங்கள் ஊர்ப் பெண்கள் பட்டுப்புடவை எடுப்பார்கள், கோயில்களுக்குப் போவார்கள். நான் வந்தது ஒரு விமான இயந்திரம் வாங்க. விமான நிலைய அதிகாரியிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார், காலில் கிடந்த கனத்த பூட்ஸைப் பார்த்தார். "அப்படியே மகாபலிபுரமும் பாத்துட்டுப் போங்கம்மா" என்று முத்திரை குத்தி அனுப்பினார். மகாபலிபுரம் பார்க்க முடியவில்லை.

என் தொழில் விமானம் பழுதுபார்ப்பது. எங்கள் ஊர்ப் பறக்கும் கழகத்தில் ஒரு பழைய அமெரிக்க விமானம் இருக்கிறது. இரட்டை இறக்கை, துணி போர்த்திய உடம்பு, மேலே கூரை இல்லாத இரண்டு இருக்கை. அதன் மூக்கில் இருந்த இயந்திரத்தை நான் பார்த்த நாளிலிருந்து வேறு எந்த இயந்திரமும் எனக்கு அழகாகத் தெரிந்ததில்லை. ஏழு சிலிண்டர்கள் ஒரே அச்சைச் சுற்றி வட்டமாக நிற்கும். தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. ஒவ்வொரு சிலிண்டரைச் சுற்றியும் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். எதிர்க்காற்று அவற்றுக்கு இடையில் புகுந்துதான் சூட்டை ஆற்ற வேண்டும். உள்ளே ஒரு பெரிய தண்டு, அதன் தலையில் கோத்த ஆறு சின்னத் தண்டுகள். திறந்து பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். மூடி ஓடவிட்டால் தரை அதிரும்.

அந்த இயந்திரத்தின் உடல் விரிசல் விட்டுவிட்டது. ஒட்டவைக்க முடியாத இடம். விமானத்தின் சொந்தக்காரர் திரு. லிம், ஓட்டல் நடத்துகிறவர், கெட்டவர் இல்லை. "மாற்று இயந்திரம் கிடைத்தால் பறக்கட்டும். கிடைக்காவிட்டால் என் புது ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் கட்டித் தொங்கவிடுகிறேன்" என்றார். நான் இரவும் பகலும் இணையத்தில் தேடினேன். கடைசியில் ராயபுரத்தில் பழைய கப்பல் சாமான் விற்கும் ஒரு வியாபாரி, தூத்துக்குடிக்காரர், ஒரு படம் அனுப்பினார். அதே ஏழு சிலிண்டர். மூடாத மரப்பெட்டிக்குள், தூசியோடு.

ராயபுரத்தில் அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள். கடையில் நங்கூரச் சங்கிலி, கப்பல் விளக்கு, பித்தளை வால்வு என்று கூரை வரைக்கும் குவிந்து கிடந்தது. என் இயந்திரம் மட்டும் இல்லை.

"கடையில இருக்குன்னு நான் எப்பம்மா சொன்னேன்? என்கிட்ட இருக்குன்னுதான் சொன்னேன்" என்றார் அண்ணாச்சி. "சாமான் என்னோடதுதான். இருக்கது எண்ணூர்ல ஒரு மீன்காரன்கிட்ட. படம் அதுக்கு முந்தி எடுத்தது. ஒரு மழைக்கு அவசரம்னு வந்து கேட்டான், குடுத்தேன். பெறகு திருப்பிக் கேக்க வாய் வரல, பாத்துக்கிடுங்க. வெளிநாட்டுல இருந்து ஆள் வந்திருக்குன்னா, நீங்களே கேட்டுக்கிடலாம்லா."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் அதற்குள் டீ வரவழைத்துவிட்டார். கூடவே ஒரு பொட்டலத்தில் மக்ரூன். வாயில் வைத்ததும் கரைந்த அந்த மக்ரூனுக்கு முன்னால் கோபத்தை இழுத்துப் பிடிக்க முடியவில்லை.

அன்று மாலை அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் என்றார்கள். தள்ளுவண்டிக்காரர் வெறுங்கையால் நூடுல்ஸை அள்ளி, புளித்தண்ணீர், வறுத்த வெங்காயம், மிளகாய்த்தூள், நொறுக்கிய தட்டை எல்லாம் போட்டுப் பிசைந்து கொடுத்தார். தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப், அதுவும் கேட்கக் கேட்க ஊற்றினார். ஈப்போவில் நூடுல்ஸுக்கென்றே தெருக்கள் உண்டு. நாங்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ராயபுரத்தில் நான் இரண்டாம் தட்டு வாங்கினேன் என்பதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் எண்ணூருக்கு ஷேர் ஆட்டோ. எங்கள் நாட்டுக் கிள்ளான் துறைமுகத்தில் லாரிச் சாலை தனி, ஊர்ச்சாலை தனி. இங்கே கன்டெய்னர் லாரி, தண்ணி லாரி, பள்ளி வேன், மாடு எல்லாம் ஒரே சாலையில் ஒருவரையொருவர் உரசாமல் போகின்றன. எப்படி என்று கடைசி வரை புரியவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் என் பூட்ஸைப் பார்த்துத் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். என் அம்மா வீட்டில் தெலுங்கு பேசுவார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"இது ஆம்பிளை பூட்ஸ்தானே? கப்பலில் வேலை செய்யுதோ என்னமோ" என்றாள் ஒருத்தி.

"சேச்சே. முட்டிவலிக்கு டாக்டர் போடச் சொல்லியிருப்பார்" என்றாள் மற்றவள்.

திருவொற்றியூர் தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சர். ஓட்டுநர் எல்லோரையும் இறக்கி ஓரமாகத் தள்ளச் சொன்னார். ஸ்டெப்னி மாற்ற அவர் கட்டை தேடிக்கொண்டிருந்தபோது நான் பின்பக்கத்தைத் தோளால் முட்டிக் கொடுத்தேன். வண்டி கொஞ்சம் எழும்பியது. "முட்டிவலி இல்லை" என்றாள் முதல் பெண், தெலுங்கில், வருத்தமாக.

முகத்துவாரக்குப்பம் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் அலை, மறு பக்கம் கழிமுகம், அதற்கு அப்பால் வானத்தை முட்டும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். அண்ணாச்சி சொன்ன ஆளின் பெயர் தேசப்பன். என்னைவிடச் சில வயது சிறியவர். வலை தைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து, "அக்கா, அண்ணாச்சி போன் பண்ணாரு. மிஷினைப் பாக்கத்தானே வந்துகீறீங்க?" என்று ஒரு தார்ப்பாயை இழுத்தார்.

அதற்குக் கீழே ஒரு படகு. அடி தட்டை, பலகைபோல. படகின் நடுவில், பற்றவைத்த இரும்புச் சட்டத்தின் மேல் என் இயந்திரம் நின்றது. முன்னால் மர விசிறி, விசிறிக்கு முன்னால் கம்பிக் கூண்டு, கூண்டுக்கு முன்னால் ஒரு பழைய பஸ் சீட். பின்னால் காற்றைத் திருப்ப இரண்டு செங்குத்துப் பலகைகள். தண்ணீருக்குள் இறங்குகிற பாகம் ஒன்றுமில்லை. விமானத்தில் இருப்பதைப் போலவே விசிறியை முன்பக்கம் பார்க்க வைத்திருந்தார்கள். அப்படி வைத்தால்தான் விசிறிக் காற்று நேராக சிலிண்டர்களின் மேல் அடித்து ஆற்றும். நான் அதைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன்.

"யார் செஞ்சது?"

"நான்தான். துபாய்ல போட்டு கட்ற எடத்துல வேலைல இருந்தேன். இதுமாதிரி காத்துல ஓட்ற போட்டு அங்க பாத்துகீறேன்" என்றார் தேசப்பன். "இங்க ஆறு சேறும் சாம்பலுமா ஏறிப் போச்சு. சாதா மோட்டாரு ஒரு முழம் போனா சேத்துல சிக்கிக்கும். மழைக்கு ஊருக்குள்ள தண்ணி வந்தப்ப, இத்த வச்சிதான் ஜனங்கள இட்டாந்தோம்."

"ஓட்டறது நீங்களா?"

"நானு இல்ல. அவ" என்று வீட்டைக் காட்டினார்.

அவர் மனைவி மேகலா கையில் மீன் செதிலோடு வெளியே வந்தாள். காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவள். "இவரு ஓட்னா நேரா போயி பாலத்துல முட்டுவாரு. அதான் நான் ஒக்காந்துட்டேன்" என்றாள். "நீ துண்ணியாக்கா? மொதல்ல துண்ணு, அப்பால மிஷினு."

கழிமுகத்து நண்டுக் குழம்பு. மலேசியாவில் நண்டுக்கு நாங்கள் என்னென்னவோ செய்கிறோம், முட்டை, சீனி, தக்காளி என்று மேகலாவிடம் சொன்னேன். மேகலா மிளகும் பூண்டும் மட்டும் தட்டிப் போட்டிருந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த வீட்டில் யாரும் இயந்திரத்தைப் பற்றிப் பேசவில்லை. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

சாப்பிட்டபின் ஓட்டிக்காட்டச் சொன்னேன். கையால் சுற்றும் ஸ்டார்ட்டர். தேசப்பன் கைப்பிடியைச் செருகிச் சுற்றப் போனார். "நில்லுங்க" என்றேன். சுவிட்ச் அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டு விசிறியைக் கையால் மெல்லத் திருப்பினேன். ஒரு இடத்தில் திண்ணென்று முட்டியது.

இந்த வகை இயந்திரத்தின் ஒரே குணக்கேடு அது. சும்மா நின்றால் எண்ணெய் கசிந்து, கீழே தலைகீழாக நிற்கிற இரண்டு சிலிண்டர்களில் தேங்கிவிடும். எண்ணெயை அமுக்க முடியாது. அது தெரியாமல் ஸ்டார்ட்டரை விட்டால் உள்ளே தண்டு வளைந்துவிடும். நான் அந்த இரண்டு சிலிண்டர்களிலும் ஒவ்வொரு பிளக்கைக் கழற்றினேன். கறுத்த எண்ணெய் கொடகொடவென்று கொட்டியது.

மேகலா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "தெனைக்கும் இப்டி பண்ணணுமாக்கா?"

"நின்னு கிடந்தா பண்ணணும். முதல்ல கையால சுத்து. முட்டினா பலம் போடாத, பிளக்கைக் கழட்டு."

"இத்தினி நாள் சாமி காப்பாத்திகீது" என்றாள்.

பிளக்குகளைத் திரும்ப மாட்டியபிறகு இரண்டு பேர் கைப்பிடியைச் சுற்ற, உள்ளே சக்கரம் சுழன்று, முனகல் மெல்ல மெல்லக் கூவலாக ஏறியது. அந்தச் சக்கரத்தை இயந்திரத்தோடு இணைக்கும் கம்பியை மேகலா இழுத்தாள். விசிறி தயங்கி அரைச்சுற்று போனது. ஒரு சிலிண்டர் இருமியது, இன்னொன்று, நீலப்புகை படகையே மறைத்தது. அதற்குள் ஏழும் சேர்ந்துகொண்டன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு சிலிண்டர்கூட அடி தவறவில்லை. இவ்வளவு உப்புக்காற்றில், கூரையில்லாமல் கிடந்த ஓர் இயந்திரம் அப்படி ஓடுவதை நான் கேட்டதில்லை.

படகில் ஒரு சுற்றுப் போனோம். தண்ணீரிலிருந்து சேற்றில் ஏறி, சேற்றிலிருந்து தண்ணீரில் இறங்கியது, அதற்கு இரண்டும் ஒன்றுதான். கொக்குகள் எழும்பின. காது அடைத்துப்போய் இறங்கி, அமுக்கம் சோதித்து, எண்ணெயில் இரும்புத்தூள் இருக்கிறதா என்று துணியில் வடித்துப் பார்த்தேன். சுத்தம். மாலையில் ராயபுரத்துக்குப் போன் போட்டு, "எடுத்துக்கறேன் அண்ணாச்சி" என்றேன்.

தேசப்பனும் மேகலாவும் பக்கத்தில்தான் நின்றார்கள். "அவரு பொருளு, அவரு விக்கிறாரு" என்றார் தேசப்பன். "நாளைக்கு தூக்குறதுக்கு செயின் பிளாக்கு வரும், எறக்கிடலாம்." மேகலா சட்டி கழுவ உள்ளே போய்விட்டாள். இறக்கும்போது சிந்தாமலிருக்க, இரவெல்லாம் எண்ணெய் வடியட்டும் என்று கீழ்ப் பிளக்குகளை மறுபடி கழற்றி ஒரு துணியில் முடிந்துவைத்தேன்.

மறுநாள் காலை செயின் பிளாக் வரத் தாமதம். "சும்மா ஒக்காந்து இன்னா பண்றது, வாக்கா, முகத்துவாரத்தைக் காட்றேன்" என்று தேசப்பன் என்னைத் தன் சாதாரணப் படகில் ஏற்றிக்கொண்டார். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. போகும்போது சிரமமில்லை. திரும்பும்போது மோட்டார் சேற்றை அள்ளி, திணறி, நின்றது.

அவர் அலட்டிக்கொள்ளவில்லை. தினமும் நடப்பதுதான் என்று படகைத் தள்ள இறங்கினார். போன வாரம் கெட்டித் தரையாக இருந்த இடமாம். முழங்கால் வரை போனார், சிரித்தார். இடுப்பு வரை போனதும் சிரிப்பு நின்றது. காலை இழுக்க இழுக்க இன்னும் இறங்கினார்.

நான் படகில் குப்புறப் படுத்து, கயிற்றை அவர் அக்குளுக்குக் கீழே சுற்றி, குறுக்குப் பலகையில் கட்டினேன். இழுத்துப் பார்த்தேன். மரத்தை வேரோடு பிடுங்குவதுபோல இருந்தது. இறங்குவது நின்றது, அவ்வளவுதான்.

"அக்கா, ஓதம் ஏறுது" என்றார் மெல்ல.

பார்த்தேன். படகின் பக்கவாட்டில் தண்ணீர் விரல் விரலாக ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் படகு மிதக்கும். எனக்கு ஆபத்தில்லை. அவர் கால் சேற்றுக்குள் இருக்கிறது, அவர் மிதக்கமாட்டார். மற்றப் படகுகள் எல்லாம் கடலுக்குப் போயிருந்தன. கரையில் இருக்கிற ஒன்றிரண்டும் இந்தச் சேற்றில் எங்களிடம் வரமுடியாது. வரக்கூடிய ஒரே படகின் பிளக்குகளை நான் கழற்றி வைத்திருந்தேன்.

மேகலாவைப் போனில் கூப்பிட்டேன். என்ன ஆயிற்று என்று சொன்னதும் அவள் கத்தவில்லை, அழவில்லை. மணலில் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்: "துணி முடிச்சு இங்க கீது. ரெண்டு பிளக்கு. எதுல எதுக்கா?"

"எத எதுல போட்டாலும் சரி. முதல்ல கையால திருகு. நேரா உக்காந்தப்புறம்தான் ஸ்பேனர். அவசரப்பட்டு மரை போச்சுன்னா அவ்வளவுதான்."

"ஒக்காந்துச்சு."

"வயரு?"

"மாட்டிட்டேன்."

"சுவிட்சு அணைஞ்சிருக்கா பாரு. இப்ப விசிறியக் கையால சுத்து. மெதுவா. முட்டுதா?"

தண்ணீர் தேசப்பனின் மார்பைத் தொட்டிருந்தது. அவர் என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் விரல்கள் மரத்துப்போயின. "அவ பண்ணிடுவாக்கா" என்றார். என்னைத் தேற்றுகிறார் என்று அப்புறம்தான் புரிந்தது.

"முட்டலக்கா. லேசா சுத்துது."

"இன்னும் ரெண்டு சுத்து. சரி. இப்ப ஸ்டார்ட்டர் சுத்தச் சொல்லு. நல்லாக் கூவுற வரைக்கும் கம்பிய இழுக்காத."

போனில் பல குரல்கள், பிறகு அந்த முனகல், ஏறி ஏறிக் கூவியது. ஒரு இருமல். நின்றது. மறுபடி முனகல். இந்தத் தடவை போனில் கேட்ட இரைச்சலுக்குக் கொஞ்சம் பின்னால், தண்ணீரின் மேல் அதே இரைச்சல் வந்தது. வளைவில் நீலப்புகை தெரிந்தது, அப்புறம் கூண்டுக்கு முன்னால் பஸ் சீட்டில் மேகலா.

நேராக எங்கள் மேல் வரவில்லை. தூரத்திலேயே வட்டமிட்டு, விசையைக் குறைத்து, எங்களுக்குப் பக்கவாட்டில் சேற்றின் மேல் வந்து இயந்திரத்தை அணைத்தாள். கூட வந்த இரண்டு பேர் தட்டைப் படகின் விளிம்பில் படுத்தார்கள். தேசப்பனின் கால் ஓரமாகத் துடுப்பை இறக்கி ஆட்டி ஆட்டித் தண்ணீரை உள்ளே விட்டார்கள். சேறு மெல்லப் பிடியை விட்டது. ஒரு கால், பிறகு மறு கால். தண்ணீர் அப்போது அவர் தாடையில் இருந்தது. உருவி மேலே போட்டபோது அவருடைய கால்சட்டை உள்ளேயே தங்கிவிட்டது.

மேகலா தன் துப்பட்டாவை எடுத்து அவர் மேல் போட்டாள். "கலீஜு. அக்கா முன்னாடி இன்னா கோலம் இது" என்றாள். அப்புறம் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். பார்ப்பதற்கு அங்கே இயந்திரம்தான் இருந்தது. சிலிண்டர்கள் ஆறிக்கொண்டிருந்தன, டிக் டிக்கென்று.

கரைக்கு வந்தால் செயின் பிளாக்கோடு வண்டி நின்றது. அண்ணாச்சியும் வந்திருந்தார். தேசப்பன் வேறு துணி கட்டிக்கொண்டு வந்து, "வாக்கா, எறக்கிடலாம்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. சொன்ன வார்த்தைக்காகச் சொன்னார்.

"வேண்டாம்" என்றேன்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், மேகலாவைப் பார்த்தார். "நான் யாவாரிம்மா. இவ்வளவு தூரம் வந்துட்டு வேண்டாம்னா எப்படி?" என்றார். பிறகு நடந்ததைக் கேட்டார். கேட்டு முடித்தபின் வண்டிக்காரனிடம், "நீ போப்பா" என்றார். அந்தப் பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை.

மிச்சமிருந்த நாட்களை எண்ணூரிலேயே கழித்தேன். வால்வு இடைவெளி சரிசெய்தேன், பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் காந்தப்பெட்டிகளைத் திறந்து சுத்தம் செய்தேன். மேகலா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் தானே ஒருதரம் செய்து பார்த்தாள். தெரியாததைத் தெரியாது என்று கேட்டாள். கழகத்தில் நான் பழக்கிய பல பேருக்கு அது வரவில்லை. மதியம் வஞ்சிரம், ஒருநாள் இறால் தொக்கு. முதல் நாள் நண்டைப் பற்றி நான் சொன்னதை ஞாபகம் வைத்து, ஒருநாள் எனக்காகச் சீனி போட்டு நண்டு செய்தாள். நன்றாகவே இல்லை. முழுக்கச் சாப்பிட்டேன்.

லிம்மிடம் போனில் பேசினேன். "இயந்திரம் கெட்டுப்போனதா?" என்று கேட்டார்.

"இல்லை. மிக நன்றாக இருக்கிறது."

"பிறகு ஏன் வாங்கவில்லை?"

"அது வேலையில் இருக்கிறது."

"சரி, திரும்பி வா. கூடத்துக்கு ஆசாரி வந்து அளவெடுத்துவிட்டுப் போயிருக்கிறான்" என்றார்.

ஊர் திரும்பியதும் விமானத்தின் இறக்கைகளை நானே கழற்றினேன். வேறு யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொரு ஆணியையும் துடைத்து எண்ணெய் பூசித் தனியாக எடுத்துவைத்தேன், என்றாவது மறுபடி தேவைப்படலாம். ஓட்டல் திறப்பு விழாவுக்கு லிம் கூப்பிட்டார்; போனேன். கூரையில் விமானம் பளபளவென்று தொங்கியது. அசல் இயந்திரத்தின் கனத்தைக் கூரை தாங்காதென்று மூக்கில் பிளாஸ்டிக்கில் ஏழு சிலிண்டர் செய்து மாட்டியிருந்தார்கள். கறுப்புப் பூச்சு, வெள்ளித் தகடுகள், தூரத்திலிருந்து பார்த்தால் அச்சு அசல்.

என் மேசைக்குப் பக்கத்தில் இருந்தவர் அதைப் படம் எடுத்துவிட்டு, "இந்த மாதிரி இயந்திரமெல்லாம் இப்போது உலகத்தில் எங்கே ஓடப்போகிறது" என்றார் தன் மனைவியிடம்.

"எண்ணூரில்" என்றேன்.

அவர் அது எங்கே இருக்கிறது என்று கேட்டார். நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன்.